மூன்று முறை கூப்பிட வேண்டும்

வானத்தை அண்ணாந்து பார்ப்பதற்காக அரசாங்கம் எனக்கு ஏழு மாதம் சம்பளம் கொடுத்திருக்கிறது. இதைச் சொன்னால் எங்கள் சர்வே ஆபீசில் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் நம்புவதில்லை. போன மாதம் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு தேசத்தில், ராத்திரி வானத்தில் இனம் தெரியாத வெளிச்சங்கள் தெரிகின்றனவாம், பட்டாளத்தார் விசாரிக்கிறார்களாம். அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் என் வீட்டைத் தேடி வந்தார்கள். யுத்த காலத்தில் கொல்லிமலையில் நீங்கள் இந்த வேலைதானே பார்த்தீர்கள், ஆபீஸ் மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். பார்வை மங்கிப்போனதால் ஐம்பது வயதிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டவனிடம், கண்ணால் கண்டதை எழுதச் சொல்கிறோமே என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. ஆனாலும் எழுதுகிறேன். அதற்கு வேறு காரணம் இருக்கிறது. அது கடைசியில் வரும்.

என் உத்தியோகத்தின் முதல் இருபது வருஷங்களுக்கு இரண்டு வரி போதும். வெயிலில் நிலம் அளக்கும் சங்கிலி பிடித்தேன். பிறகு நிழலில் உட்கார்ந்து, மற்றவர்கள் அளந்து வந்ததை மை தொட்டு வரைந்தேன். அதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: பார்த்ததை மட்டும் எழுது, பார்த்ததையெல்லாம் எழுது. யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு வேலியை அரை அடி தள்ளி வரைந்து, அதனால் இரண்டு பங்காளிகள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு எனக்கே தெரிந்தது. அதன்பின் என் படங்களில் தவறு வந்ததில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. அதனால் விளைந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னைவாசிகள் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடி வந்த வருஷம் அது. மழைக்காலம் தொடங்கியதும் மலைக்குக் கீழே இருக்கும் ஊர்களிலிருந்து மனுக்கள் போக ஆரம்பித்தன. கொல்லிமலைப் பக்கம் நடுவானில் வெளிச்சம் தெரிகிறது, வட்டமாகச் சுற்றுகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது. எதிரி விமானத்துக்கு யாரோ வழி காட்டுகிறார்கள். பட்டாளம் ஒரு சிறு குழுவை மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்கு அனுப்பியது. ஒரு கேப்டன், ஒரு ஹவில்தார், எட்டு சிப்பாய்கள். மலையின் படம் தெரிந்த, இங்கிலீஷும் தமிழும் எழுதத் தெரிந்த குமாஸ்தா ஒருவர் வேண்டும் என்று எங்கள் ஆபீசுக்குக் கடிதம் வந்தது. கொல்லிமலையின் படத்தை வரைந்தவன் நான். மலையைப் பார்த்ததில்லை. என்னை அனுப்பினார்கள்.

புறப்படும்போது என் மனைவி புளியோதரை கட்டிக் கொடுத்தாள். கூடவே ஓர் எச்சரிக்கையும் கொடுத்தாள்.

"மலையில இருட்டுனதுக்கப்புறம் யாராச்சும் கூப்பிட்டா உடனே ஏன்னு கேட்டுப்போடாதீங்க. மூணு தடவ வரைக்கும் அதுகளும் கூப்பிடும். நாலாந்தடவ கூப்பிட்டாத்தான் மனுசன்."

என் மகனுக்கு அப்போது பதினைந்து வயது. "ஏம்மா, பேய்க்கு மூணுக்கு மேல எண்ணத் தெரியாதா?" என்று கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். நான் மெட்ரிகுலேஷன் தேறியவன்.

லாரி அடிவாரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் கால்தான். மலைக்காரர்கள் பன்னிரண்டு பேர் எங்கள் சாமான்களைத் தலையில் தூக்கி வந்தார்கள். ஒரு மேஜை, நாற்காலிகள், பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்று, கொயினா மருந்துப் பெட்டி ஒன்று, படிவப் பெட்டிகள் இரண்டு. மலைக் காய்ச்சலைப் பற்றி எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். ஆனால் படிவங்கள் தீர்ந்துவிடுமோ என்ற பயம்தான் மேலிடத்துக்கு அதிகம் இருந்ததென்று பெட்டிக் கணக்கிலேயே தெரிந்தது.

கேப்டன் துரை யுத்தத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் தம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். உயரமானவர், ஒல்லியானவர். கோபம் வந்தால் அவர் குரல் தாழ்ந்துபோகும். மிகவும் கோபம் வந்தால் தயவுசெய்து என்று தொடங்குவார். தினமும் காலையில் மூன்று பென்சில்களை ஒரே நீளத்துக்குச் சீவி மேஜையில் வைப்பார். மாலையில் அவை எவ்வளவு குட்டையாகியிருக்கின்றன என்று பார்த்து, நாங்கள் எவ்வளவு வேலை செய்தோம் என்பதைச் சொல்லிவிடுவார். யாரை விசாரித்தாலும் முதலில் நாற்காலியில் உட்காரச் சொல்லுவார். நின்றுகொண்டிருப்பவன் பதிலைச் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பான் என்பது அவர் சித்தாந்தம். மலைக்காரர்களுக்கு நாற்காலி பழக்கமில்லை. நுனியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, எங்கள் கேள்விகளைவிட நாற்காலிக்கே அதிகம் பயந்தார்கள்.

வெளிச்சத்தின் உயரத்தை அளக்க ஒரு முறை உண்டு. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, முஷ்டியை அடிவானத்தின் மேல் வைக்க வேண்டும். ஒரு முஷ்டி பத்து பாகை. மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; இதை நான் வளப்பூர் நாட்டில் பத்துப் பேரைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். பத்துப் பேரும் முஷ்டியை நீட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்த ஒரு பெண் அடிதடி என்று நினைத்து ஊரைக் கூட்டிவிட்டாள். கடைசியில் அவர்கள் சொன்ன உயரம் முஷ்டியில் வரவில்லை. ரெண்டு பலா மரம் ஒசரமுங்க என்றார்கள். கேப்டன் துரை எந்தப் பலா மரம் என்று கேட்டு, அந்த மரத்தைப் போய் அளந்துவிட்டு வந்தார். எவ்வளவு நேரம் தெரிந்தது என்றதற்கு, ஒரு வெத்தில போட்டுத் துப்பற நேரம் என்றார்கள். மறுநாள் என்னை உட்கார வைத்து வெற்றிலை போடச் சொல்லி, துரை கையில் கடிகாரத்தோடு எதிரே நின்றார். நாலரை நிமிஷம். படிவத்தில் அப்படியே ஏறியது. சீக்கிரம் துப்பிவிட்டோமோ என்று எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் உண்டு.

வெளிச்சம் எது என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. எடப்புளி நாட்டு ஊர்க் கவுண்டர் வந்திருந்தார். வாயில் எப்போதும் வெற்றிலையும் கேலியும் இருக்கிற மனிதர். நாற்காலியைப் பார்த்து, "இது கடிக்காதுங்களே?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, இதுக்கா இத்தன சனம் மலையேறி வந்தீங்க? அது பன்னிக் காவலுங்க. சாமை முத்தற காலமல்லங்களா. பரண் மேல உக்காந்துக்கிட்டுக் கொள்ளியச் சுத்துவோம். சுத்தலீன்னா ஒரு மணி ஊடு வந்து சேராதுங்க."

எல்லாம் விளங்கிவிட்டது. மழைக்காலத்தில் மேகம் இறங்கி மலையின் இடுப்பை மறைத்துவிடுகிறது. கீழே இருப்பவனுக்கு மலை தெரிவதில்லை, மேலே சுழலும் நெருப்பு மட்டும் தெரிகிறது. நெருப்பு வானத்தில் தொங்குகிறது. விசாரணை மூன்றாம் நாளில் முடிந்தது. படிவம் முடியவில்லை.

படிவத்தில் ஒன்பதாவது கட்டம், வெளிச்சம் என்ன வகை என்பது. நான்கு வகைகள்தாம் அச்சிட்டிருந்தார்கள்: நம் விமானம், எதிரி விமானம், நட்சத்திரம், சமிக்ஞை. காவல் நெருப்புக்கு இடமில்லை. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்பது உத்தரவு. விமானமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை என்றால் மிஞ்சுவது ஒன்றுதானே. துரையும் நானும் ஒரு சாயங்காலம் முழுவதும் யோசித்தோம். கொள்ளியைச் சுற்றுவது பன்றிக்கு ஒரு செய்தி சொல்வதுதான், ஆகையால் சமிக்ஞை என்று போடுவதில் பொய் இல்லை என்று அவர் முடிவு செய்தார். பத்தாவது கட்டம், யாருக்குச் சமிக்ஞை என்பது. அதில் காட்டுப் பன்றிகளுக்கு என்று எழுதினார். என் அழகான கையெழுத்தில் பிரதி எடுத்து அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து மேலிடத்திலிருந்து பதில் வந்தது. பன்றிகள் என்ற சொல் எந்தத் தேசத்தாரைக் குறிக்கிறது என்று உடனே தெரிவிக்கவும். துரை அதை இரண்டு தடவை படித்தார். குரல் மிகவும் தாழ்ந்தது. தயவுசெய்து நான்கு கால்கள் என்று பதில் எழுதுங்கள் என்றார்.

இன்னொரு புகாரும் வந்தது. செம்மேட்டுப் பக்கம் ஒரு வெளிச்சம், மற்றவை போல் சுற்றாமல், தினமும் ஒரே இடத்தில், மிகவும் பிரகாசமாக எரிகிறது. சில வாரங்களாகத்தான் தெரிகிறது. இதுதான் எல்லாவற்றிலும் சந்தேகத்துக்குரியது. அது எங்கள் பெட்ரோமாக்ஸ். துரை சிரிக்கவில்லை. விளக்கை எரியவிட்டு, எதிர் மேட்டுக்கு நடந்து போய், முஷ்டியால் அளந்து, படிவத்தின் எல்லாக் கட்டங்களையும் நிரப்பினார். ஒன்பதாவது கட்டத்தில் என்ன போட்டார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்படி எங்கள் படிவங்கள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தன. மேலிடத்தில் யாரோ அவற்றைக் கூட்டிப் பார்த்தார்கள். மலை முழுவதும் சமிக்ஞை. கார்த்திகை மாதம் பிறந்தபோது, விளக்கு வைக்கிற அந்த மாதத்தில், உத்தரவு வந்தது. துரை ஆட்சேபித்து எழுதினார். உத்தரவு மறுபடியும் வந்தது, இந்தத் தடவை சிவப்புக் கோடு போட்டு.

அதைத் தமிழாக்கியவன் நான். எட்டு பிரிவுகள். நாலாவது பிரிவு: காய்ச்சல் கண்டவர்களுக்காக எந்த நேரத்திலும் முகாமுக்கு வந்து கொயினா பெற்றுக்கொள்ளலாம். இது துரை தாமாகச் சேர்த்தது. ஏழாவது பிரிவு: இருட்டியபின் வெளியில் யாரும் நெருப்போ விளக்கோ கொண்டு நடமாடக்கூடாது, நடமாடுபவரைக் காவலர் மூன்று முறை கூப்பிட வேண்டும், மூன்று முறை கூப்பிட்டும் பதில் சொல்லாதவர் சுடப்படுவார். தமிழ் தெளிவாகவும் கம்பீரமாகவும் வந்திருந்தது. நாலாவதையும் ஏழாவதையும் சேர்த்து ஒரு தடவை படித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. புளியோதரையும் அதனோடு வந்த எச்சரிக்கையும் ஞாபகத்துக்கு வரவில்லை.

செம்மேட்டுச் சந்தையில் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று படித்தேன். ஜனங்கள் மிளகுக் கூடையையும் கிழங்கு மூட்டையையும் இறக்கி வைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்ததும் யாருக்காவது சந்தேகம் உண்டா என்றேன். எடப்புளி நாட்டுக் கவுண்டர் கையைத் தூக்கினார்.

"எங்களுக்குப் படிச்சுக் காட்டிட்டீங்க. பன்னிக்கு யாருங்க படிச்சுக் காட்டறது?"

சந்தையே சிரித்தது. சிப்பாய்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு கூட்டம் கலைந்துவிட்டது. கேட்க வேண்டிய வேறு கேள்வி யார் மனசிலாவது இருந்திருந்தால் அதுவும் கூடையோடு வீட்டுக்குப் போய்விட்டது.

பரண்களில் நெருப்பு அணைந்தது. பன்றிகள் வந்தன. ஒரே வாரத்தில் பாதிக் கொல்லைகளை உழுதுவிட்டுப் போயின. அந்த வருஷம் மலையில் நிறைய வீடுகளில் கிழங்குதான்.

எங்கள் சிப்பாய்களில் சுடலைமுத்து என்று ஒருவர். திருநெல்வேலிப் பக்கம். முப்பது வயது, ஊரில் இரண்டு பெண் குழந்தைகள். என்னை அண்ணாச்சி என்பார். வீட்டுக் கடிதங்களை என்னிடம்தான் எழுதிக்கொள்வார். எழுதி முடித்ததும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, உம்ம கையெழுத்துல எம் பொஞ்சாதி என்னைப் பெரிய ஆளுன்னு நெனச்சிருவா என்பார். ஒரு நாள் விளக்கு வைத்துச் சற்று நேரத்துக்கெல்லாம் முகாமின் மேற்கு வழியில் அவர் காவல். கேப்டன் துரை இரண்டு நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தார். நான் பத்தடி தள்ளிக் கூடாரத்துக்குள், மறைப்பு போட்ட லாந்தர் வெளிச்சத்தில், அன்றைய பதிவேட்டைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"யார் அங்கே?" என்று சுடலைமுத்து கூப்பிட்டார். நான் சொல்லிக் கொடுத்துப் பழக்கிய வாக்கியம்.

பதில் இல்லை. கூடாரத்தின் இடுக்கு வழியே பார்த்தேன். ஒற்றையடிப் பாதையில் ஒரு பந்தம். அதைப் பிடித்திருந்த ஆள் நின்றுவிட்டார். ஓடவில்லை. கிட்டே வரவும் இல்லை.

ஒரு கூப்பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே மனசுக்குள் ஐந்து எண்ண வேண்டும். சுடலைமுத்து எண்ணியிருப்பார். நானும் எண்ணினேன். இரண்டாம் தடவை கூப்பிட்டார். பந்தம் அங்கேயே நின்றது. மறுபடி ஐந்து. மூன்றாம் தடவை. பதில் இல்லை. துப்பாக்கியின் போல்ட்டை இழுக்கும் சத்தம் கேட்டது.

என் பேனா நின்றது. அப்போதுதான் என் மனைவி சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. எழுந்து ஓடினேன், கத்தினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நான் எழவில்லை. மூன்று முறை என்று எழுதியவனே நான்தான் என்பதால், அது முடிந்தபின் என்ன நடக்கும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலாவது குரல் வந்தது. அது நான் பழக்கிய வாக்கியம் அல்ல.

"யாருவே அது? வாயத் தொறந்து சொல்லித் தொலையும்வே."

"நாந்தானுங்க சாமி" என்றது பந்தம். "வளப்பூர் நாட்டுச் சடையனுங்க. புள்ளைக்குக் குளிர் காய்ச்சலுங்க. கொயினா தர்றதாச் சொன்னாங்க."

சுடலைமுத்து துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் கால் வந்தது, வெளியே போனேன். சடையன் நாற்பது வயதுக்காரர். முகமெல்லாம் வியர்வை. உனக்குக் காது கேட்காதா, ஏன் முதலிலேயே பதில் சொல்லவில்லை என்று அதட்டினேன். பயத்தில் வருகிற அதட்டல் அது.

"மூணுக்குள்ள ஏன்னு கேக்கலாமுங்களா?" என்றார் அவர், இது தெரியாதா என்பதுபோல. "கேட்டா நானல்லங்களா போய்ச் சேந்திருப்பேன். அப்புறம் புள்ளைக்கு யாரு மருந்து கொண்டு போறது?"

"சந்தையில் நான் படித்ததைக் கேட்டாயா, இல்லையா?"

"கேட்டனுங்க. மூணு தடவ கூப்புடுவோம்னு நீங்களேதான சொன்னீங்க. அதான் மூணு முடியட்டும்னு நின்னுக்கிட்டிருந்தனுங்க."

என் தமிழை இவ்வளவு கவனமாக வேறு யாரும் கேட்டதில்லை. மாத்திரைகளைப் பொட்டலம் கட்டி, எந்த வேளைக்கு எத்தனை என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தேன். ஏழாவது பிரிவின்படி பந்தத்தை அணைக்கச் சொன்னேன். அணைத்துவிட்டு அந்த இருட்டில் மலைப்பாதையில் போனார்.

காவல் முடிந்ததும் சுடலைமுத்து கூடாரத்துக்குள் வந்தார். பதிவேட்டில் அன்றைய காவலை நான் எழுத வேண்டும். இடம், நேரம், எத்தனை முறை கூப்பிட்டது, பதில் உண்டா, சுட்டதா. அவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும்.

"அண்ணாச்சி, மூணுன்னே போட்டிரும். மூணாவதுல பதில் வந்துட்டுன்னு."

"வந்தது நாலாவதில்தானே?"

"எனக்குத் தெரியாதா? கூப்பிட்டவன் நாந்தானே?" என்று சிரித்தார்.

நான் நாலு என்று எழுதினேன். அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று அல்ல. அந்த மனிதர் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார், அதை உள்ளபடி எழுதினால் பாராட்டுவார்கள் என்றுகூட நினைத்தேன். பார்த்ததையெல்லாம் எழுது. சுடலைமுத்து அந்த நாலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உம்ம எழுத்து அழகாத்தான் இருக்கு அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

வாராந்திரப் பிரதி சனிக்கிழமை மலையிறங்கியது. துரை காய்ச்சலிலிருந்து எழுந்து பார்த்தபோது அது கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. பத்து நாளில் கேள்வி வந்தது. நிலையான உத்தரவு மூன்று முறை. காவலர் நான்காவது முறை கூப்பிட்டது ஏன்? விசாரித்து எழுதவும்.

விசாரணை அதே மேஜையில் நடந்தது. துரை சுடலைமுத்துவையும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதிகாரிக்கு எதிரே உட்கார்ந்து பழக்கமில்லாததால் அவரும் மலைக்காரர்களைப் போலவே நுனியில் உட்கார்ந்தார். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். ஏன் நாலாவது தடவை கூப்பிட்டாய் என்றார் துரை.

"பேயும் மூணு தடவ கூப்பிடும் ஐயா" என்றார் சுடலைமுத்து. "நாலாவது மனுசன்தான் கூப்பிடுவான். நான் மனுசன்னு அந்தாளுக்கு எப்படித் தெரியும்?"

இதை இங்கிலீஷில் சொன்னேன். அந்தப் பாஷையில் அது சிறுபிள்ளைக் கதைபோல் ஒலித்தது. துரை எழுதவில்லை. பாதையில் நின்றவனுக்கு இந்த வழக்கம் தெரியுமா என்று கேட்டார். தெரியும். இந்தச் சிப்பாய்க்கும் தெரியும் என்றேன். அப்படியானால் சந்தையில் கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும்? தெரிந்திருக்கும் என்றேன். உமக்கு? என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

தெரியும் என்றேன்.

தயவுசெய்து ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நான் படித்தவன், அதனால் ஞாபகம் வரவில்லை என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மேஜையைப் பார்த்தேன். அன்று மூன்று பென்சில்களும் நீளம் குறையாமலே இருந்தன.

சிப்பாய் மீது குற்றமில்லை என்றும், இந்த மலையில் நான்கு முறை கூப்பிட அனுமதி வேண்டும் என்றும் துரை இரண்டு பக்கம் எழுதினார். கூப்பிடும் எண்ணிக்கை சென்னை ராஜதானி முழுவதற்கும் ஒன்றே, உள்ளூர் நம்பிக்கைகளை உத்தேசித்து மாற்ற இயலாது என்று பதில் வந்தது. கூடவே இன்னொரு காகிதம். காவலில் தேவைக்கு மேல் பேசியதற்காகச் சிப்பாய் சுடலைமுத்து கிழக்கு எல்லைக்கு மாற்றப்படுகிறார். கிழக்கு எல்லையில் அப்போது ஜப்பான்காரனோடு என்ன நடந்துகொண்டிருந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

அதை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டியவனும் நான்தான். நாலு என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என்னை முடிக்கவிடவில்லை.

"போற இடத்துல எத்தனை தடவ கூப்பிடணும்னு கேட்டு எழுதிப் போடுதேன் அண்ணாச்சி" என்றார். பிறகு, "எழுத அங்கயும் உம்மள மாதிரி ஒரு ஆளு வேணுமே" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

மறுநாள் துரை மிச்சமிருந்த சிப்பாய்களை வரிசையாக நிறுத்தி ஒரு கணக்குப் பாடம் நடத்தினார். நான் மொழிபெயர்த்தேன். எண்ணுவதை ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. இனிமேல் கூப்பிடுவதைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுங்கள். பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று. பதிவேட்டில் மூன்று என்று எழுதுங்கள். அதன்பின் நாங்கள் மலையில் இருந்த மாதங்களில் ஒரு குண்டும் சுடப்படவில்லை. பதிவேட்டில் எல்லா இடங்களிலும் என் அழகான மூன்றுகள். அந்தப் பூஜ்யம் மூன்று வாரம் முன்னால் வந்திருக்கலாம்.

சடையன் ஒருநாள் பகலில் வந்தார். பிள்ளை எழுந்து விளையாடுகிறானாம். ஒரு தார் மலைவாழை கொண்டுவந்திருந்தார். "நாலாந்தடவ கூப்புட்ட சாமி எங்கீங்க?" என்று கேட்டார். மாற்றலாகிவிட்டது என்றேன்.

"நல்ல எடத்துக்குங்களா?"

யுத்தத்துக்கு என்றேன். அவர் சுடலைமுத்து நின்ற இடத்தில் தாரை இறக்கி வைத்துவிட்டுப் போனார். வேறு சிப்பாய்கள் தின்றார்கள். எனக்கும் இரண்டு கொடுத்தார்கள்.

அடுத்த சித்திரையில் முகாமைக் கலைத்தார்கள். பெட்ரோமாக்ஸ் இறங்கியதோடு கீழே இருந்து வந்த புகார்களும் நின்றுவிட்டன. எங்கள் குழு எதிரியின் சமிக்ஞைகளை அடியோடு ஒழித்தது என்று பாராட்டுக் கடிதம் வந்தது. துரை அதைப் படித்துவிட்டுப் பின்பக்கத்தில் கணக்குப் போட எடுத்துக்கொண்டார். சுடலைமுத்துவிடமிருந்து கடிதம் வரவில்லை. அவருடைய வீட்டு விலாசம் எனக்கு மனப்பாடம். நானே எழுதியிருக்கலாம். என் கையெழுத்தைப் பார்த்ததும் அந்த அம்மாள் புருஷன் எழுதியதாக நினைத்துவிடுவாளே என்று எழுதவில்லை.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். பேய்க்கு மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாதா என்று சிரித்த என் மகன், யுத்தம் முடிகிற சமயத்தில் நான் தடுக்கத் தடுக்கப் பட்டாளத்தில் சேர்ந்தான். யுத்தம்தான் முடிந்துவிட்டதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். வடக்கே ஒரு பட்டணத்தில் இப்போது கலகம். இருட்டிவிட்டால் யாரும் வெளியே வரக்கூடாது. அவனைத் தெரு முனையில் துப்பாக்கியோடு நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஊர்ப் பாஷை அவனுக்குத் தெரியாது. அந்த ஊர் மனிதர்கள் இருட்டில் எத்தனையாவது குரலுக்குப் பதில் சொல்வார்கள் என்பதும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒரு மாதமாக எனக்குத் தூக்கமில்லை.

அவனுக்கு இந்தக் கதை முழுவதையும் எழுதி, எத்தனை தடவை என்று சட்டம் சொன்னாலும் பூஜ்யத்திலிருந்து எண்ணு என்று முடித்தேன். முந்தாநாள் பதில் வந்தது. நாலே வரிதான். "அப்பா, உங்கள் கடிதத்தை இங்கே எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். சிரித்தார்கள். இங்கே மூன்று தடவை கிடையாது, ஒரே தடவைதான். போன வாரம் நானும் ஒரு தடவை கூப்பிட்டேன். அதைப் பற்றி நேரில் சொல்கிறேன். அம்மாவை எலுமிச்சை ஊறுகாய் அனுப்பச் சொல்லுங்கள்."

என் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். நீங்க எழுதுனதுக்கு என்ன சொல்றான் என்றாள்.

"நாலு தடவை கூப்பிடறானாம்" என்றேன்.

"பதில் சொல்றாங்களாமா?"

சொல்கிறார்களாம் என்றேன். ஊறுகாய் வரியை மட்டும் உள்ளபடி படித்தேன்.